எதிரி கொடுத்த குதிரை

அந்தக் கையுறையை மேசைமேல் வைக்காதீர், ஐயா. உம் மடியிலேயே இருக்கட்டும். என் கை தவறி அதில் பட்டுவிட்டால்கூட அரசரின் மன்னிப்பை நான் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். நம் வல்தோரா நாட்டு வழக்கம் அது. உமக்குத் தெரியாததா? அரசரின் வாயிற்காவலர் நீர். அவருடைய சொல்லையும் கையுறையையும் ஊர் ஊராகக் கொண்டுபோவதுதான் உம் வேலை. தெரிந்துகொண்டே அதை என் பக்கம் நகர்த்துகிறீர். பழத்தட்டை நகர்த்துவதுபோல நகர்த்துகிறீர். நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சரி, அத்திப்பழம் எடுத்துக்கொள்ளும். இந்தத் தெற்குச் சீமையில் எனக்குப் பிடித்தது இது ஒன்றுதான். இந்த ஊர், சீமையை ஆளும் அமீருடையது. நான் அவருக்காக, அதோ தெரிகிறதே, அந்தப் பாலத்தைக் காக்கிறேன். ஆமாம், தோன் சுவேரோவாகிய நான் பாலம் காக்கிறேன். வல்தோராவில் நூறு ஈட்டிக்காரர்கள் பின்னால் வர அரசவைக்குள் நுழைந்தவன், இங்கே உப்பு ஏற்றிய கழுதைகளுக்கு வழி விடுகிறேன். சிரிக்க வேண்டுமானால் சிரியும். உம் அரசரிடமும் போய்ச் சொல்லும். பாலத்தில் நிற்கிறார், ஆனால் நிமிர்ந்து நிற்கிறார் என்று சொல்லும்.

ஒவேக்கோ என்றுதானே பெயர் சொன்னீர்? நான் அங்கே இருந்தபோது உம்மைப் பார்த்ததில்லை. புதியவர். அதனால்தான் உம்மை அனுப்பியிருக்கிறார்கள். பழைய ஆட்களில் எவனுக்கும் என் முன்னால் நின்று, ‘அரசர் உங்களை மன்னித்துவிட்டார்’ என்று சொல்லும் துணிச்சல் வராது. நீர் சொன்னீர். குரல் நடுங்காமல் சொன்னீர். அதற்காகத்தான் உட்காரச் சொன்னேன்.

நீர் கொண்டுவந்த செய்தியை நான் ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன். சரியா என்று பாரும். அரசர் அல்வித்தோ என்னை மன்னிக்கிறார். என் நிலங்களைத் திருப்பித் தருகிறார். எல்லையில் இருக்கும் வெர்தாக் கோட்டையையும் தருகிறார். நான் மிக்கேல் திருநாளுக்கு முன் வர வேண்டும். அன்று பிரபுக்கள் எல்லாரும் கூடுகிறார்கள். அவர்கள் முன்னால் நான் மண்டியிட்டு அரசரின் கையில் முத்தமிட வேண்டும். பிறகு சுவிசேஷத்தின் மேல் கை வைத்து, நாணல் துறைச் சண்டையில் என்ன நடந்தது என்று சத்தியம் செய்து சொல்ல வேண்டும். இவ்வளவுதானே? இல்லை, ஒன்றை விட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான் விட்டேன். ‘தோன் சுவேரோ நம்மேல் கொண்ட அன்பை நினைத்து’ மன்னிக்கிறாராம்.

அன்பு. அந்தச் சொல்தான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. நான் செய்தது அன்பினால் இல்லை, ஐயா. சட்டம். சட்டம் சொன்னது, நான் செய்தேன். நாளைக்கே அந்த இடத்தில் வேறு அரசர் விழுந்து கிடந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

நீர் கேட்டிருக்கும் கதை, அரசரின் சிற்றப்பா ஒசோரியோ சொல்லித் திரியும் கதை. நான் சொல்வதையும் கேளும். உம் குதிரை இளைப்பாற நேரம் வேண்டும். வெயிலும் தாழட்டும்.

பழைய அரசர் சாகும்போது பையனுக்கு ஐந்து வயது. படுக்கையைச் சுற்றி எத்தனையோ பேர் நின்றோம். ஒசோரியோவும் நின்றார், சொந்தத் தம்பி. அரசர் அவரைப் பார்க்கவே இல்லை. பையனின் கையை எடுத்து என் கையில் வைத்தார். அன்றிலிருந்து நான்தான் அவனை வளர்த்தேன். நீந்தக் கற்றுக்கொடுத்தேன். வாள் பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன். எந்த வல்லூறை வைத்து வேட்டையாடுவது, எந்தப் பிரபுவை எங்கே உட்கார வைப்பது, எதைச் சாப்பிட்டால் குதிரைமேல் வயிறு கனக்காது, எல்லாம் நான். பெண்கூட நான்தான் பார்த்துவைத்தேன். அவர் மனதில் வேறு யாரோ இருந்தாளாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. அவரே உங்களிடம் சொன்னாரே என்று என் மனைவி மென்சியா அடித்துச் சொல்வாள். இருக்கலாம். அன்றைக்கு நான் பேசிக்கொண்டிருந்திருப்பேன், காதில் விழுந்திருக்காது.

ஒரே ஒரு குறை. குதிரைமேல் ஏறினால் முதுகை வளைப்பான். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. முதுகு, முதுகு, முதுகு. ஐந்து வயதில் சொன்னேன், பதினைந்தில் சொன்னேன். பத்தொன்பதில் சொன்னபோதுதான் அது குற்றமாகிவிட்டது.

அந்த நாளைச் சொல்கிறேன். மோன்தால்பா நாட்டுத் தூதர்கள் வந்திருந்தார்கள். ஆற்றுக்கு வல்தோராப் பக்கத்து மேய்ச்சல் நிலம் தங்களுக்கு வேண்டுமென்று கேட்டார்கள். அரசர் அரியணையில் உட்கார்ந்திருந்தார். எப்படி? யாரோ மூட்டையை இறக்கிவைத்ததுபோல. கேட்டதற்கு, ‘பார்க்கலாம்’ என்றார். நான் எழுந்தேன். ‘அரசே, பார்க்கலாம் என்று சொல்லாதீர்கள், முடியாது என்று சொல்லுங்கள். அதையும் முதுகை நிமிர்த்திக்கொண்டு சொல்லுங்கள்’ என்றேன். இதில் என்ன தப்பு? நான் சொன்னது நாட்டுக்கு நல்லதுதானே? தூதர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். அது சிரித்தவன் தப்பு. அரசர் காதுவரை சிவந்து, ‘முடியாது’ என்றார். முதுகையும் நிமிர்த்தினார். நான் மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

அன்று மாலை ஒசோரியோ அரசரோடு பந்தியில் உட்கார்ந்து, ‘அரியணையில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள், நெருக்கமாக இல்லையா?’ என்று கேட்டாராம். விடிந்ததும் எனக்கு ஆணை வந்தது. நாட்டைவிட்டுப் போ. பதினான்கு ஆண்டு வளர்த்தவனுக்கு இரண்டு சொல். அதையும் அவர் வாயால் சொல்லவில்லை. உம்மைப் போல ஒரு வாயிற்காவலரை அனுப்பினார். அந்த ஆளின் குரல் நடுங்கியது.

நான் கெஞ்சவில்லை. அதை எழுதி வைத்துக்கொள்ளும். சிலர் கெஞ்சுவார்கள். மடத்துத் தலைவரைத் தூது விடுவார்கள், மனைவியை அழச்சொல்லி அனுப்புவார்கள். நான் குதிரைக்குச் சேணம் போடச் சொன்னேன்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். இதை நன்றாகக் கேளும், எல்லாம் இதில்தான் இருக்கிறது. ஒரு பிரபுவை அரசர் நாட்டைவிட்டுத் துரத்தினால், அவனுடைய ஆட்களும் அவனோடு போவார்கள். அவனுக்கு ரொட்டி போடும் இன்னொரு தலைவன் கிடைக்கும்வரை கூடவே இருப்பார்கள். அந்தத் தலைவன் பழைய அரசரின் எதிரியாக இருந்தாலும் குற்றமில்லை. அவனோடு சேர்ந்து பிறந்த நாட்டின் மேலேயே படையெடுத்து வந்தாலும் குற்றமில்லை. துரத்தியவர் அதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஒன்று உண்டு. பிறந்த நாட்டு அரசரின் உடம்புக்கு அவன் தீங்கு செய்யக் கூடாது. தன் கண்முன்னால் பிறரைச் செய்யவிடவும் கூடாது. நாட்டைக் கொளுத்தலாம், ஆட்டை ஓட்டலாம். அரசரின் உடம்பைத் தொடக் கூடாது.

நான் நேராக மோன்தால்பாவுக்குத்தான் போனேன். ஆமாம், அந்தத் தூதர்களை அனுப்பிய அதே அரசரிடம். வேறு யாரிடம் போவது? உம் அரசருக்கு எது அதிகம் வலிக்குமோ அங்கே போனேன். சேரும்போதே அவரிடம் இந்தச் சட்டத்தைச் சொன்னேன். எல்லார் முன்னாலும் சொன்னேன். அவர் கோழிக்கால் கடித்துக்கொண்டே, ‘தெரியும், தெரியும், எல்லா நாடு கடத்தப்பட்டவனும் இதைத்தான் சொல்கிறான்’ என்றார். சொன்னேனா இல்லையா? சொன்னேன்.

அடுத்த கோடையில் நாணல் துறைச் சண்டை. நான் அந்தப் பக்கம், என் ஆட்களோடு. வல்தோராப் படை ஆற்றைக் கடந்து வந்தது. நடுவில் அரசர், வலது அணிக்கு ஒசோரியோ. சண்டை சூடு பிடிக்கும்போது வலது அணி அப்படியே திரும்பி ஆற்றைக் கடந்து போய்விட்டது. ஏன் போயிற்று? அதை நீர் திரும்பிப் போனதும் அவரிடமே கேளும். அரசர் தனியாக மாட்டிக்கொண்டார். குதிரைக்குக் கழுத்தில் அம்பு. அது விழுந்தது, அவரும் சேற்றில் விழுந்தார். மோன்தால்பாவின் ஈட்டிக்காரர்கள் இரண்டு பேர் அவரைப் பார்த்துவிட்டார்கள்.

நானும் பார்த்தேன். தற்செயலாகத்தான் பார்த்தேன். அந்தப் பக்கம் திரும்பினேன், தெரிந்தது, அவ்வளவுதான். இதோ வாசலில் வார் தைத்துக்கொண்டிருக்கிறானே தெல்லோ, என்னோடு வந்தவர்களில் மூத்தவன், அவனைக் கேட்டால், சண்டை தொடங்கியதிலிருந்து பிரபு வேறு எதையும் பார்க்கவில்லை என்பான். அவன் பேச்சை எடுத்துக்கொள்ளாதீர்.

குதிரையைக் குறுக்கே விட்டேன். ‘இவர் என் பிறந்த நாட்டு அரசர், இவர் உடம்பைத் தொடாதீர்கள்’ என்றேன். அவர்களில் ஒருவன், ‘எங்கள் ரொட்டியைத் தின்றுகொண்டு இப்படியா?’ என்றான். வாளை உருவிக் காட்டினேன். ரொட்டியைப் பற்றி அப்புறம் அவன் பேசவில்லை.

பிறகு இறங்கி என் குதிரையை அரசருக்குக் கொடுத்தேன். ஏறினார். அவருக்குக் கால் நீளம், பாதம் நுழைக்கும் அங்கவடி குட்டையாக இருந்தது. வாரை அவிழ்த்து இரண்டு துளை கீழே இறக்கிக் கட்டினேன். ஒரு பக்கம் கட்டிவிட்டு அந்தப் பக்கம் போய் அதையும் கட்டினேன். என்ன பார்க்கிறீர்? அம்பு வருகிறதுதான். அதற்காக அங்கவடி ஏற்றத்தாழ்வாக ஒருவரை அனுப்ப முடியுமா? ஆற்றில் குதிரை தடுமாறினால் விழுந்துவிடுவார். அப்போது உடம்புக்குத் தீங்கு வராதா? சட்டத்தை அரைகுறையாகச் செய்கிறவன் நான் இல்லை.

அவர் என்னைப் பார்த்தார். முகம் முழுக்கச் சேறு. ‘முதுகு நேராக இருக்கிறதா?’ என்று கேட்டார். நான் இல்லை என்றேன். இல்லைதான். எப்போது இருந்தது? குதிரையைத் தட்டிவிட்டேன். போய்விட்டார்.

நான் சேற்றில் நடந்தே பாளையத்துக்குத் திரும்பினேன். மோன்தால்பா அரசர் எனக்காகக் காத்திருந்தார். அவர் கையில் அகப்பட்டிருந்தால் வல்தோரா அரசர் பாதி நாட்டுக்குச் சமம். நான் சட்டத்தைச் சொன்னேன். சேரும்போதே சொன்னதை நினைவுபடுத்தினேன். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு, ‘சட்டத்தின்படி நீ அவனைக் கொல்ல விடாமல் தடுத்திருக்கலாம். அதோடு சரி. குதிரையைக் கொடு என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?’ என்றார்.

அந்த ஆளுக்குச் சட்டம் தெரியாது, ஐயா. நடந்து போனால் உடம்பு எப்படித் தப்பும்? உம்மையே கேட்கிறேன். நீர் சொல்லும். வெறுமனே தலையை ஆட்டுகிறீர்.

அன்றே அங்கிருந்தும் துரத்தப்பட்டேன். இரண்டு அரசர்கள் துரத்திய ஆள் இஸ்பானியா முழுக்கத் தேடினாலும் கிடைக்க மாட்டான். தெற்கே வந்தேன். அமீர் என் கதையைக் கேட்டு, ‘அரசர்கள் இல்லாத வேலையாகத் தருகிறேன்’ என்று சொல்லிப் பாலத்தைத் தந்தார். நல்ல மனிதர். கேலிக்காரர், ஆனால் நல்ல மனிதர்.

இது என் கதை. இனி ஒசோரியோவின் கதை. நீர் சொல்வதற்கு முன்பே பாலத்தில் வந்த வியாபாரிகள் சொல்லிவிட்டார்கள். அரசர் சண்டையிலிருந்து எதிரியின் குதிரையில் திரும்பி வந்தார். சேணத்தில் என் வீட்டு முத்திரை. பார்த்தவர்கள் நூறு பேர். ஒசோரியோ ஒவ்வொரு பிரபு வீட்டுக்கும் போய் ஒரே கேள்வியைக் கேட்கிறார். நாடு கடத்தப்பட்டவன், கோபத்தில் எதிரியோடு சேர்ந்தவன், அவன் சும்மா குதிரை கொடுப்பானா? விலை என்ன? அப்புறம் அவரே பதிலையும் சொல்கிறார். வெர்தாக் கோட்டை. எல்லைக் கோட்டையை எதிரிக்கு எழுதிக்கொடுத்து உயிரை வாங்கிக்கொண்டு வந்த பையன் அரசனாக இருக்கலாமா? மிக்கேல் திருநாளன்று பிரபுக்கள் கூடி அதைத்தான் முடிவு செய்யப் போகிறார்கள். அல்வித்தோவை மடத்துக்கு அனுப்புவார்கள். ஒசோரியோ அரியணையில் உட்காருவார். அவருக்கு முதுகு நேராக இருக்கும், அது வேறு.

விலை எதுவும் இல்லை என்று சொல்லக்கூடிய ஆள் ஒருவன்தான். ஈட்டிக்காரர்கள் இரண்டு பேரும் மோன்தால்பாக்காரர்கள், சொல்ல மாட்டார்கள். என் ஆட்கள் தூரத்தில் இருந்தார்கள், என்ன பேசினோம் என்று கேட்கவில்லை. மிச்சம் நான். அதனால் கையுறை வந்திருக்கிறது. அதனால் அன்பும் வந்திருக்கிறது.

இல்லை ஐயா, நான் வரவில்லை. கையுறையை எடுத்துக்கொண்டு போம்.

பொறும். கோபப்படாதீர். கிழவனின் வறட்டுப் பிடிவாதத்தால் ஒரு நாடு போகிறது என்கிறீர். வழி நெடுக அதைச் சொல்லப் பயிற்சி செய்துகொண்டு வந்தீர்போல, நன்றாக வந்தது. ஆனால் உட்காரும். கையுறையை நீட்டும் யோசனை யாருடையது? அரசருடையதா? அவரே, தானாகவே யோசித்ததா? அதுதானே பார்த்தேன். பக்கத்தில் ஒரு ஆள் இருந்து சொல்லாவிட்டால் இப்படித்தான்.

ஒசோரியோவின் இடத்தில் உம்மை வைத்துப் பாரும். மிக்கேல் திருநாள். மண்டபம் நிறையப் பிரபுக்கள். நான் உள்ளே வருகிறேன். மண்டியிடுகிறேன், முத்தமிடுகிறேன், நிலம் கிடைக்கிறது, வெர்தாக் கோட்டையின் சாவி கிடைக்கிறது. பிறகு சுவிசேஷத்தில் கை வைத்து, ‘நான் விலை எதுவும் வாங்கவில்லை’ என்கிறேன். ஒசோரியோ என்ன செய்வார்? எழுந்திருக்கக்கூட வேண்டாம். என் இடுப்பில் தொங்கும் சாவியைச் சுட்டிக்காட்டினால் போதும். எந்தக் கோட்டைக்காக என்று ஊரெல்லாம் பேசினாரோ அதே கோட்டை. மண்டபமே சிரிக்கும். அரசர் அன்று மாலையே மடத்தில் இருப்பார். அவரைக் கொண்டுபோய் விட்டவன் நானாக இருப்பேன்.

புரிகிறதா? முகம் வெளுத்துவிட்டது உமக்கு. அத்திப்பழம் சாப்பிடும். உம்மால் என் மனதை மாற்ற முடியாமல் போனது எவ்வளவு பெரிய நல்லகாலம் என்று இப்போது தெரிகிறதா?

மன்னிக்கப்பட்டவன் செய்யும் சத்தியம் விலை போன சத்தியம். எதிரி செய்யும் சத்தியம்தான் நிற்கும். ஆகவே நான் எதிரியாகவே செய்கிறேன். எல்லைக்கு வருகிறேன், அதே நாணல் துறைக்கு. நாடு கடத்தப்பட்டவன் எல்லைக் கரையில் நின்று, வாள் இல்லாமல், தன் பக்கத்தைச் சொல்லலாம். அதற்கும் சட்டம் இருக்கிறது, மோன்தால்பாக்காரர்களும் தங்கள் கரையில் அதைத் தடுக்க முடியாது. பிரபுக்களை அக்கரைக்கு அழைத்து வாரும். அழைத்தும் வராதவன் அந்தப் பேச்சைச் சபையில் எடுக்கும் உரிமையை இழப்பான். எனவே ஒசோரியோ வந்தே தீர வேண்டும். நான் இக்கரையில் நிற்பேன். ஆற்றில் கால் வைக்க மாட்டேன்.

முதலில் கையுறையை மறுத்தேன் என்று சொல்வேன். எல்லார் முன்னாலும் சொல்வேன். நிலம் வேண்டாம், கோட்டை வேண்டாம், இந்த அரசரின் கீழ் வாழ்வதைவிடக் கழுதைகளுக்கு வழிவிடுவது மேல் என்று சொல்வேன். பதினான்கு ஆண்டு வளர்த்தவனை இரண்டு சொல்லில் துரத்தினார் என்று சொல்வேன். நன்றிகெட்டவர் என்பேன், ஆள் பேச்சைக் கேட்டு ஆடுகிறவர் என்பேன். என் மனதில் இருப்பதை எல்லாம் கொட்டுவேன். இவனுக்கு அரசர் எதையும் கொடுத்திருக்க முடியாது, கொடுத்திருந்தால் இப்படித் திட்ட மாட்டான் என்று கடைசிப் பிரபு வரைக்கும் நம்ப வேண்டும். நம்பிய பிறகு சுவிசேஷத்தை வாங்கி, அந்தக் குதிரைக்கு விலையாக நான் கோட்டையில் ஒரு கல்லையும் கேட்கவில்லை, அவர் ஒரு கல்லையும் தருவதாகச் சொல்லவில்லை என்று சத்தியம் செய்வேன். அதன்பிறகு ஒசோரியோ வாயைத் திறக்கட்டும், பார்க்கலாம்.

தெரியும், ஐயா. கையுறையை ஒருமுறை மறுத்தவனுக்கு அதே அரசர் இன்னொருமுறை அனுப்ப முடியாது. அந்த அரசர் உயிரோடு இருக்கும்வரை அவன் உள்ளே வர முடியாது. அல்வித்தோவுக்கு வயது இருபத்தொன்று. எனக்கு அறுபத்துமூன்று. எனக்கும் கணக்குத் தெரியும். அதை இரக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு சொல்லாதீர். நான் கேட்டேனா? நான் அவருக்காகச் செய்யவில்லை. ஒசோரியோவின் மூஞ்சி கறுப்பதைப் பார்க்க வேண்டும், அதற்காகச் செய்கிறேன். அப்புறம், உண்மை உண்மையாக இருக்க வேண்டும், அதற்காக. வேறு எதற்காகவும் இல்லை.

ஆட்கள் உம்மோடு வரட்டும். மன்னிப்பு அவர்களுக்கும் உண்டு என்று சொன்னீர், அவர்கள் சத்தியம் செய்ய வேண்டியதில்லை, ஏற்றுக்கொள்ளலாம். என்னோடு வந்த கடன் தீர்ந்தது என்று நான் அவர்களிடம் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கு வீடு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். தெல்லோ மட்டும் எல்லைவரை என்னோடு நிற்கிறேன் என்கிறான். நாம் பேசுவதை அவன் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான், அவன் காது முயல் காது. இப்போது என்ன சொன்னான் என்று கேட்டீரா? ‘பிரபு, அரசரை வெறுப்பதாகச் சொல்லும்போது என் பக்கம் திரும்பிவிடாதீர்கள், நான் சிரித்து எல்லாம் கெட்டுவிடும்’ என்கிறான். இப்படிப்பட்டவனை வைத்துக்கொண்டு இத்தனை நாள் குப்பை கொட்டியிருக்கிறேன். வாரைத் தையடா.

வல்தோராவிலேயே தங்கிவிட்ட மென்சியாவிடமும் நீரே சொல்ல வேண்டும். அவள் சொல்லி அனுப்பியதை இன்னொருமுறை சொல்லும். ‘வரச் சொல்லுங்கள்’, அவ்வளவுதானா? வேறு ஒன்றும் இல்லையா? திட்டவில்லையா? திட்டாவிட்டால் உடம்பு சரியில்லை என்று பொருள். நான் வர முடியாது என்று சொல்லும். ஏன் என்று சொல்லும், அவளுக்குப் புரியும், அவள் எப்போதும் என்னைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்வாள். நாடு கடத்தப்பட்டவனின் மனைவி விரும்பினால் இங்கே வந்து இருக்கலாம், சட்டம் தடுக்காது. நான் கூப்பிட்டதாகச் சொல்லாதீர். இங்கே கிணற்றுத் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லும். மாடியில் ஒரு அறை காலியாக இருக்கிறது, காலையில் வெயில் வரும் என்றும் சொல்லலாம். அது வெறும் செய்திதான்.

கிளம்புகிறீரா? நல்லது. மிக்கேல் திருநாளுக்கு நான்கு நாள் முன்னால், காலையில், நாணல் துறை. பிரபுக்கள் எல்லாரும். ஆயர் வரட்டும், மடத்துத் தலைவர்கள் வரட்டும், ஒசோரியோவின் மகன்கள் வரட்டும். எத்தனை பேர் வந்தாலும் நல்லதுதான்.

இன்னும் ஒன்று, ஐயா. குதிரைமேல் ஏறிவிட்டுக் கேளும். அரசர் வர வேண்டாம்.

ஆமாம், அரசர் மட்டும் வர வேண்டாம். வருவேன் என்று அடம்பிடித்தாலும் விடாதீர். ஏனென்றால், நான் திட்டுவது கடைசி வரிசை வரைக்கும் கணீரென்று கேட்க வேண்டும். ஒரு சொல்கூடத் தடுமாறக் கூடாது. தடுமாறினால் ஒசோரியோ பிடித்துக்கொள்வார். அவன் அக்கரையில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தால், நான் எப்படி அவனை...

ஆறு அந்த இடத்தில் அகலம், ஐயா. தண்ணீர்ச் சத்தமும் அதிகம். குரல் எடுபடாது. அதற்காகத்தான். அப்படியே போய்ச் சொல்லும்.